மாலை அடுப்பு



ஒரு வாரத்துக்கு ஏழு நாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை. ஆக, வாரத்துக்கு 21 வேளைச் சாப்பாடு. சென்ற வாரத்தின் 21 வேளையில் உங்கள் வீட்டு அடுப்பில் சமைத்தது எத்தனை வேளை? கொஞ்சம் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். யாரையும் குறை கூற இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கணக்குத் தெரிந்தால்தான் வழி தெரியும்.

நான் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். பள்ளியின் பெயர்ப் பலகையில் தோட்டம் இருக்கிறது. பலகைக்கு வெளியேதான் தோட்டம் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையில் ஒரு பகுதியும் போய் வீடமைப்பு வந்தது. என் மாணவர்களில் பெரும்பாலோர் தாமான் வீடுகளிலிருந்தும் அடுக்குமாடிகளிலிருந்தும் வருகிறார்கள். ஒரு காலையில் வகுப்பில், “நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டேன். மீ கோரேங், ரொட்டிச் சானாய், பொரித்த கோழி, பாக்கெட் மீ என்று பதில்கள் வந்தன. சோறும் குழம்பும் என்று சொன்ன பிள்ளைகள் பாதிக்கும் குறைவு. ஒரு சிறுமி மட்டும், “அம்மா ரெண்டாவது ஷிப்டு சார், அப்பா வாங்கிட்டு வந்தார்” என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னாள். அந்தக் காரணத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இது ஏதோ நம் பள்ளியின் கதை மட்டுமன்று. நம் நாட்டின் புள்ளிவிவரத் துறை 2022-ஆம் ஆண்டில் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கைப் பாருங்கள். மளிகை, மீன், காய்கறி என்று வீட்டில் உண்பதற்கு வாங்கியவற்றின் பங்கு செலவில் ஏறக்குறைய 16 விழுக்காடு. உணவகம், தங்கும் விடுதி ஆகியவற்றுக்குப் போனதும் ஏறக்குறைய 16 விழுக்காடு. உணவகமும் விடுதியும் ஒரே தலைப்பில் வருகின்றன என்பது உண்மைதான். ஆனால் நம்மில் எத்தனை பேர் அடிக்கடி விடுதியில் தங்குகிறோம்? அந்தப் பணத்தின் பெரும்பகுதி சாப்பாட்டுக் கடைக்கே போகிறது.

பணம் போனாலும் பரவாயில்லை என்று சொல்பவர்கள் உண்டு. உடம்புக் கணக்கையும் கேளுங்கள். சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். இதற்குக் கடைச் சாப்பாடு ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். பரம்பரை உண்டு, உடலுழைப்புக் குறைவு உண்டு, வீட்டிலேயே மலைபோல் சோற்றைக் குவித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஆனால் வீட்டுப் பானையில் எண்ணெயும் உப்பும் சீனியும் எவ்வளவு என்பதை நாம் முடிவு செய்கிறோம். கடைச் சட்டியில் அதை முடிவு செய்பவர் வேறொருவர். அவருக்குத் தேவை ருசி, நமக்குத் தேவை ருசியோடு ஆயுள்.

சரி, அந்தக் காலத்துத் தாய்மார்கள் எல்லாம் சமைக்கவில்லையா என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. சமைத்தார்கள். எப்படிச் சமைத்தார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பால்மரத்தை வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். ஆகவே விடியுமுன் பெரட்டு. பெரட்டுக்கு முன்னால் தாய் எழுந்து, ரப்பர் விறகை மூட்டி, சோறு வடித்து, ஏதோ ஒரு குழம்பு கூட்டி, தூக்குச் சட்டியில் அடைத்து, கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் தீம்பாருக்கு நடந்தாள். பாலெடுத்து, நிறுத்துப் போட்டு, லயத்துக்குத் திரும்பிய பிறகு பீலியில் தண்ணீர் பிடித்து, அம்மியில் அரைத்து, மறுபடியும் அடுப்பு. அவள் வெட்டிய அதே நிரையில் அடுத்த நிரை வெட்டிய கணவன், வந்ததும் வாசலில் உட்கார்ந்து தேநீர் கேட்டான். இதை நான் புகழ்ந்து பேசமாட்டேன். அந்தச் சோறு நல்ல சோறுதான்; அதை ஆக்கிய முறை நல்ல முறை அன்று.

அந்தச் சோற்றின் நன்மை ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாய் மாநிலங்களில் பெரிபெரி நோய் ஈயச் சுரங்கத் தொழிலாளர்களை வாட்டியது. கால் மரத்து, வீங்கி, நெஞ்சு தளர்ந்து மடிந்தார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்த தமிழர்களிடம் அந்த நோய் அரிதாகவே காணப்பட்டது. 1905-06-இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் பிளெட்சர் என்னும் மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றொரு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பச்சரிசி உண்டவர்களிடையே நோய் பரவியது. புழுங்கலரிசி உண்டவர்கள் தப்பினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள ‘பி1’ உயிர்ச்சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம் என்பது பின்னால் விளங்கிற்று. நம் பாட்டிமார் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்த பழக்கம் ஒரு மருந்தாக இருந்திருக்கிறது! இன்றும் புழுங்கலரிசி பச்சரிசியைவிட மெதுவாகச் செரிப்பதால், சீனி நோய் உள்ள வீடுகளுக்கு அது ஓரளவு உதவும். ஓரளவு என்றுதான் சொன்னேன். அளவு மீறினால் எந்த அரிசியும் அரிசிதான். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ என்று சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ கணக்கு எல்லா அரிசிக்கும் பொருந்தும்.

இப்போது நம் 21 வேளைக்குத் திரும்புவோம். 21 வேளையும் வீட்டில் சமையுங்கள் என்று நான் சொன்னால், ஜெலாப்பாங் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு வரும் ஒரு தாய், வானொலிப் பெட்டியை அணைத்துவிடுவார். அணைக்க வேண்டியதுதான். பிள்ளைகள் காலையில் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் ஏதோ சாப்பிடுகிறார்கள்; பெற்றோர் மதியம் வேலையிடத்தில் சாப்பிடுகிறார்கள். எல்லாரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வேளை ஒன்றுதான், இரவு. அந்த ஏழு இரவுகளில் ஐந்தை வீட்டில் சமைத்தால் போதும் என்பது என் கருத்து. மற்ற இரண்டுக்கு ஒட்டுக்கடை இருக்கவே இருக்கிறது. அதையும் மனமாரச் சாப்பிடலாம்.

ஐந்து இரவு என்பதும் எளிதன்று. ஏன் எளிதன்று? ஒரு நாள் மாலை கடிகாரத்தை வைத்துக்கொண்டு பாருங்கள். சோறு மின்சாரக் குக்கரில் தானே வெந்துவிடுகிறது. குழம்பு அடுப்பிலிருக்கும் நேரம் இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி. ஆனால் வெங்காயம் பூண்டு உரித்து, மீன் கழுவி, புளி ஊறவைத்து, கீரை ஆய்ந்து, பருப்பு வேகக் காத்திருந்து, கடைசியில் சட்டி பானை கழுவிக் கவிழ்ப்பதற்குத்தான் ஒரு மணி, ஒன்றேகால் மணி ஆகிறது. களைத்து வந்த ஒருத்திக்கு மலைப்பாக இருப்பது அடுப்பு அன்று. அடுப்புக்கு முன்னும் பின்னும் உள்ள வேலை. ஆகையால் எளிதாக்க வேண்டியதும் அதைத்தான். அதற்கு இரண்டே வழி: அந்த வேலையை மாலையிலிருந்து வேறு நேரத்துக்கு நகர்த்துவது, ஒரு கையிலிருந்து வேறு கைகளுக்கு நகர்த்துவது.

முதலில் நேரத்தை நகர்த்துவது பற்றி. வாரத்தில் ஓய்வுநாள் எதுவோ, அன்று இரண்டு மணி நேரம் குடும்பமாக உட்காருங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி உரித்து, தக்காளியோடு சேர்த்து எண்ணெயில் நன்றாக வதக்கி அரைத்துவிடுங்கள். உப்பு வேண்டாம், மிளகாய்த்தூளும் வேண்டாம். ஆறியபின் ஐஸ் தட்டின் குழிகளில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளை ஒரு பையில் போட்டு மேல்தட்டில் வையுங்கள். மாலையில் நாலைந்து கட்டியைச் சட்டியில் போட்டு, மசாலாத்தூளும் புளியும் சேர்த்தால் மீன் குழம்புக்கு அடித்தளம் தயார். தூளும் கொஞ்சம் சோம்பும் சேர்த்தால் முட்டைக் குழம்பு. ஒரு டின் சாடினைக் கவிழ்த்தால் பதினைந்து நிமிடத்தில் சாடின் பிரட்டல். அம்மியில் அரைத்த வாசனை வருமா என்று கேட்டால், வராது. ஆனால் பாக்கெட் மீயோடு ஒப்பிட்டுப் பேசுவோம், அம்மியோடு வேண்டாம்.

பருப்பை இரண்டு மூன்று நாளைக்குச் சேர்த்து வேகவைக்கலாம். உப்பும் புளியும் போடாமல் மஞ்சள் மட்டும் போட்டு வேகவைத்து, ஆறியதும் மூடி ஐஸ் பெட்டியில் வையுங்கள். முதல் நாள் அதில் சாம்பார். அடுத்த நாள் கீரைக் கூட்டு. கடைசியில் மிஞ்சிய தண்ணிப் பருப்பில் ரசம். புளியை முன்கூட்டியே போட்டால் பருப்பு வேகாமல் அடம்பிடிக்கும். புளிப்பு பருப்பை இளக விடாது. ஆகவே வெந்த பிறகே புளி. கெம்போங் மீன் வாங்கினால் கடையிலேயே சுத்தம் செய்யச் சொல்லி, வீட்டில் கழுவி, ஒரு வேளைக்கு எவ்வளவோ அவ்வளவாகத் தனித்தனிப் பையில் உறைய வையுங்கள். சமைக்கும் நாள் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒரு பையை மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றினால் மாலைக்குள் உருகியிருக்கும். மேசைமேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். நம் ஊர் வெக்கையில் மீன் மாலைவரை நிற்காது.

இட்லி மாவு பற்றிச் சொல்லவே வேண்டாம். ஓய்வுநாளில் அரைத்துப் புளிக்க வைத்த மாவு ஐஸ் பெட்டியில் மூன்று நான்கு நாள் நிற்கும். அதில் இரண்டு இரவுத் தோசை கிடைக்கிறது. இரவில் தோசை சாப்பிட்டால் மரியாதை குறைவு என்று நினைக்கும் மாமியார்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் ஒரு வாரம் பழகிவிட்டால் விடமாட்டார்கள்.

மிஞ்சிய சோற்றில் கவனம் வேண்டும். அரிசியில் உள்ள ஒருவகை நுண்ணுயிரின் வித்து, கொதிக்கும் தண்ணீரிலும் சாவதில்லை. சோறு வெளியே பல மணி நேரம் கிடந்தால் அது பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு திரும்பச் சூடுகாட்டினாலும் போகாது. ஆகவே மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள். மறுநாள் அதை ஒரு முட்டையும் பயற்றங்காயும் போட்டுப் பிரட்டினால் காலைப் பசியாறலுக்கு ஆயிற்று.

அடுத்தது கைகளை நகர்த்துவது. சொல்லக் கொஞ்சம் சங்கடமான பகுதி இதுதான். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

நம் பால்மரத்தின் தாய்நாடு பிரேசில் என்பது பலருக்குத் தெரியும். 1876-இல் அங்கிருந்து விதை லண்டனுக்குப் போய், அங்கே முளைத்த கன்றுகளின் வழியாக 1877-இல் நம் பேராக்கின் கோலகங்சாருக்கும் வந்து சேர்ந்தது. நம் பாட்டன்மார் இந்த மண்ணுக்கு வந்ததே அந்த மரத்தின் பின்னால்தான். அதே பிரேசில் 2014-இல் தன் மக்களுக்கு ஓர் உணவு வழிகாட்டி நூலை வெளியிட்டது. இவ்வளவு மாவுச்சத்து, இவ்வளவு கொழுப்பு என்று அளந்து கொடுப்பதோடு நிற்கும் நூலன்று அது. சமைக்கத் தெரிந்தவர் பிறருக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும். வீட்டிலுள்ள ஆண்களும் பிள்ளைகளும் சந்தை, சமையல், பாத்திரம் கழுவுதல் எல்லாவற்றிலும் பங்கு எடுக்க வேண்டும். கூடி உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று ஓர் அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. உடல்நலத்துக்கான நூலில் பாத்திரம் கழுவும் பேச்சு எதற்கு என்று தோன்றலாம். பாத்திரம் கழுவ ஆளில்லாத வீட்டில் நாளடைவில் சமையலும் நின்றுவிடுகிறது; அதைத்தான் அவர்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

எங்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று நம் ஆண்கள் சொல்ல முடியாது. மாரியம்மன் கோயில் திருவிழாவில் அன்னதானத்துக்குச் சமைப்பது யார்? விடியற்காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, துடுப்பு மாதிரி கரண்டியைப் போட்டு முந்நூறு பேருக்குச் சாம்பார் கிண்டுவது நம் ஆண்கள்தானே? உப்புக் கூடினால் என்ன போட வேண்டும் என்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்வதும் அவர்கள்தானே? முந்நூறு பேருக்கு வைக்கத் தெரிந்த கைக்கு நான்கு பேருக்கு வைக்க ஏன் கூச்சம்? கோயிலில் சமைத்தால் புண்ணியம், வீட்டில் சமைத்தால் மானக்கேடு என்பது எந்தச் சாத்திரம் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் வீட்டில் வெங்காயம் உரிப்பதும் இரவில் சட்டி கழுவுவதும் என் பங்கு. இதனால் பள்ளியில் என் மதிப்பு குறைந்ததாகத் தெரியவில்லை.

பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு எட்டு வயதில் பூண்டு உரிக்கலாம், கீரை ஆயலாம். பத்து வயதில் அரிசி கழுவிக் குக்கரில் போட்டுப் பொத்தானை அழுத்தலாம். அம்மா வீட்டுக்கு வந்து சேரும்போது சோறு வெந்திருந்தால் பாதிக் களைப்பு தீர்ந்துவிடும். பன்னிரண்டு பதின்மூன்று வயதில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, அடுப்பில் முட்டை பொரிக்கலாம். மகன், மகள் இருவருக்கும் ஒரே வேலை கொடுங்கள். மகள் மட்டும் உரித்து, மகன் தொலைக்காட்சி பார்த்தால், இன்னும் இருபது வருடம் கழித்து இன்னொரு வீட்டில் இதே கதை தொடங்கும்.

ஒன்றுமே முடியாத நாளும் உண்டு. ஓவர்டைம் முடிந்து எட்டு மணிக்கு வருகிறவர்கள் என்ன செய்வது? பாங்காக் நகரத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து வரும் பெண்கள் கடையில் கறியை மட்டும் பையில் கட்டி வாங்கிக்கொண்டு, வீட்டில் சோறு ஆக்கிக்கொள்வார்கள். ‘பிளாஸ்டிக் பை இல்லத்தரசிகள்’ என்று அவர்களுக்குப் பட்டப்பெயரே உண்டு. கேலிப் பெயர்தான், ஆனால் அந்த வழி நமக்குக் கைகொடுக்கும். சோற்றை வீட்டில் ஆக்கி, ஒரு கீரையை வதக்கி, மீனோ கோழியோ மட்டும் கடையில் வாங்குங்கள். நான்கு பொட்டலம் வாங்கும் பணத்தில் ஒரு பகுதி மிஞ்சும். தட்டில் காய்கறியும் இருக்கும். ரொட்டிச் சானாயும் இனிப்புத் தேநீரும் மட்டுமே இரவுச் சாப்பாடாவதைவிட இது எவ்வளவோ மேல். தேநீரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்குக் கொடுத்த நேரம் போதாது. டின்பாலைக் குறையுங்கள் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

தோட்டத்திலேயே இன்னும் செம்பனை வேலையில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. உங்களிடம் தாமான்காரர்களுக்கு இல்லாத ஒரு செல்வம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் நான்கு முழ நிலம். அங்கே ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு பாத்தி பசலை, தண்ணீர் தேங்கும் ஓரத்தில் கங்கோங் கீரை வையுங்கள். சந்தைக்குப் போக முடியாத நாளில் அடுப்பை அணையவிடாமல் காப்பது அந்தப் பாத்திதான். அடுக்குமாடியில் இருப்பவர்கள் எண்ணெய் டின்னில் கறிவேப்பிலையாவது வளர்க்கலாம்.

கடைசியாக நாளை மாலைக்கு ஒரு சாப்பாடு சொல்கிறேன். இன்றிரவு படுக்கப் போகுமுன் ஒரு கோப்பைக் கொண்டைக்கடலையைக் கழுவித் தண்ணீரில் ஊறப் போடுங்கள். காலையில் தண்ணீரை வடித்து ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள். மாலையில் முதலில் வருகிறவர் அதைப் பிரஷர் குக்கரில் போட்டு, உப்பிட்டு, இருபது நிமிடம் வேகவைக்கட்டும். பக்கத்தில் சோறு வேகட்டும். இரண்டாவதாக வருகிறவர் வெங்காயம் தக்காளி வதக்கி, தூள் போட்டு, கடலையைக் கொட்டி, தேங்காய்ப்பால் இரண்டு கரண்டி விட்டு இறக்கட்டும். வெள்ளரிக்காயைப் பிள்ளைகள் நறுக்கட்டும். கடலையை ஊறப் போடுவது யார், சட்டி கழுவுவது யார் என்பதை மட்டும் இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.